முடியை வெட்டிக்கொண்ட அம்மா: நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், ஒரு நிகழ்வு ஆய்வு

ஆடி மாதத்து மழை நாள். காலை ஏழு மணி இருக்கும். ரங்கூனின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் என் கிளினிக்குக்கு அவரை மகனும் மருமகளும் இருபுறமும் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். வயது 61. உயரம் 149 செ.மீ., எடை 38 கிலோ. கூப்பிட்டால் "ம்" என்பார், அடுத்த நொடி தலை சாய்ந்துவிடும். மூக்கில் ஆக்சிஜன் குழாய். சிலிண்டரைப் பக்கத்து வீட்டுப் பையன் சுமந்துகொண்டு பின்னால் வந்தான்.

அந்தச் சிலிண்டர் 2021-ல் வாங்கியது. அந்த வருடம் ஜூலையில், கொரோனா அலையின்போது, இந்த நகரத்தில் ஆக்சிஜனுக்காக மக்கள் வரிசையில் நின்றதைப் பார்த்தவர்கள், கிடைத்த சிலிண்டரை இன்னும் வீட்டு மூலையில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். முந்தின நாள் இரவு இவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியதும் பக்கத்து வீட்டார் ஓடிவந்து அதைக் கொடுத்து, நிமிடத்துக்கு 6 லிட்டர் அளவில் திறந்துவிட்டிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சுத் தவிப்பு அடங்கியது. அம்மா தூங்கிவிட்டார் என்று எல்லோரும் நிம்மதியாகப் படுத்தார்கள்.

அது தூக்கம் இல்லை. விரலில் கருவியை மாட்டிப் பார்த்தேன், ஆக்சிஜன் அளவு 98%. நாடித்துடிப்பு 116, மூச்சு நிமிடத்துக்கு 26. உள்ளங்கை சூடாக இருந்தது. கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னபோது மணிக்கட்டு படபடவென்று அடித்துக்கொண்டது. இந்த மாதிரி நோயாளியிடம் 98% என்ற எண் என்னைப் பயமுறுத்தும் எண்.

காரணத்தைச் சொல்கிறேன். பல வருடமாகக் கெட்டுப்போன நுரையீரலில் காற்று சரியாகப் போகாத பகுதிகள் நிறைய இருக்கும். உடம்பு புத்திசாலித்தனமாக அந்தப் பகுதிகளுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, காற்று வரும் இடங்களுக்கு ரத்தத்தைத் திருப்பிவிடும். ஆக்சிஜனை அளவில்லாமல் கொடுத்தால் சுருங்கியிருந்த குழாய்கள் திறந்துகொள்ளும். ரத்தம் வேலைக்கு ஆகாத இடங்களுக்கே போய்விட்டுத் திரும்பும். ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கரியமில வாயுவைச் சுமப்பதும் குறைவு. மூச்சை இழுக்கச் சொல்லும் உந்துதலும் கொஞ்சம் தளரும். இவை எல்லாம் சேர்ந்து கரியமில வாயு உள்ளேயே தேங்குகிறது, தலை வலிக்கிறது, அப்புறம் மயக்கம். 2010-ல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 405 பேரிடம் நடந்த ஆய்வில், ஆம்புலன்ஸில் ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுத்தவர்களில் 9% பேர் இறந்தார்கள், அளந்து கொடுத்தவர்களில் 4% பேர். இந்த நோயாளிகளுக்கு எட்ட வேண்டிய அளவு 88 முதல் 92 வரைதான்.

குழாயைப் பிடுங்கவில்லை. சட்டென்று நிறுத்தினால் அளவு முன்பைவிடக் கீழே விழும். 2 லிட்டருக்கும் பிறகு 1 லிட்டருக்கும் இறக்கி 90%-ல் நிறுத்தினேன். மூச்சுக்குழலை விரிக்கும் சால்பியூட்டமாலும் இப்ராட்ரோப்பியமும் சாதாரணக் காற்றில் நெபுலைசர் வழியாகக் கொடுத்து, பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு 40 மி.கி. கொடுத்து, கூடவே ஏறிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே எடுத்த ரத்த வாயுப் பரிசோதனையில் அமிலத்தன்மையைக் காட்டும் pH 7.33 (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்), கரியமில வாயு அழுத்தம் 58. முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுக்கும் இயந்திரத்தைத் தயாராக வைத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தபோது 7.36, 52 என்று தேறியிருந்ததால் அது தேவைப்படவில்லை. சாயங்காலம் கண் விழித்து, "கடை திறந்தாச்சா?" என்று மருமகளைக் கேட்டார்.

பழைய கதை

அவரும் குடும்பமும் சம்மதித்ததால்தான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பெகு பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். கல்யாணமாகி இங்கே வந்ததிலிருந்து வீட்டோடு ஒட்டிய பந்தலில் தோசையும் பருப்பு வடையும் சுட்டு விற்கிறார். பர்மியர்கள் "தோஷே" என்று கேட்டு வாங்குவார்கள். இரண்டு பிள்ளைகளை அந்தக் கல்தான் வளர்த்தது.

எட்டு வருடமாக இருமல். முதலில் குளிர்காலத்துக் காலைகளில் மட்டும், கொஞ்சம் வெள்ளைக் கோழையோடு. பிறகு வருடம் முழுக்க. நான்கு வருடமாக நடந்தால் மூச்சு வாங்குகிறது. கடந்த இரண்டு வருடமாகக் கோயில் படி ஏறுவதில்லை, குளிக்கும்போது நடுவில் உட்கார்ந்துகொள்கிறார், தலையணையை அடுக்கிச் சாய்ந்துதான் உறங்குகிறார். இவ்வளவுக்கும் ஒரே பெயர்தான் இருந்தது. தமிழில் இழுப்பு, பர்மியத்தில் பன்னா, சீட்டில் ஆஸ்துமா.

அந்தச் சீட்டில் இரண்டு வருடம் என் கையெழுத்தும் இருக்கிறது. முதல் தடவை வந்தபோது "புகை பிடிப்பீங்களா அம்மா?" என்று கேட்டேன். "இல்ல தம்பி" என்றார். அந்தப் பதிலோடு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயை மனதிலிருந்து எடுத்துவிட்டேன். இந்த ஊரில் பச்சை இலையில் சுற்றிய சுருட்டை ஆண் பெண் என்ற வித்தியாசம் இல்லாமல் பிடிக்கிறார்கள். கிழவிகள் வாயில் சுருட்டோடு சந்தையில் உட்கார்ந்திருப்பது சாதாரணக் காட்சி. ஆகவே புகை என்றால் சுருட்டு, சுருட்டு இல்லை என்றால் புகை இல்லை என்று என் மூளை முடிச்சுப் போட்டுவிட்டது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: "எந்த அடுப்புல சமைக்கிறீங்க, எத்தனை மணி நேரம், புகை எந்தப் பக்கம் போகுது?" இதை நான் கேட்டது ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள்தான்.

மருமகள் பதில் சொன்னாள். விடிகாலை நாலு மணிக்கு அத்தை அடுப்பு மூட்டுவார். விறகு, ஈரமாக இருந்தால் தென்னமட்டை, மரத்தூள். பந்தலுக்கு மூன்று பக்கம் தட்டி, மழைக்காலத்தில் நாலாவது பக்கமும் படுதா. பத்து மணி வரை கல் முன்னால்தான். சில வருடம் மின்சார அடுப்பு வந்தது. 2021-க்குப் பிறகு மின்வெட்டு கூடியதும் அதை மூலையில் வைத்துவிட்டு மறுபடி விறகும் கரியும். கணவர் உயிரோடு இருந்தவரை சுருட்டு ஓயாமல் புகையும், அதே பந்தலில்.

ஒரு நாளைக்கு 6 மணி நேரம், 41 வருடம். மின்சார அடுப்பு இருந்த சில வருடத்தைக் கழிக்காமல் பெருக்கினால் 246. மெக்சிகோ மருத்துவர்கள் 1990-களில் விறகடுப்புப் பெண்களை ஆராய்ந்தபோது இப்படித்தான் மணியையும் வருடத்தையும் பெருக்கிக் கணக்கிட்டார்கள். 200-ஐத் தாண்டியவர்களிடம் நாள்பட்ட இருமலும் மூச்சுக்குழல் அடைப்பும் மிகவும் அதிகமாக இருந்தன. சிகரெட்டைப் பாக்கெட் கணக்கில் எழுதக் கற்றுக்கொண்ட நாம் அடுப்பை எழுதக் கற்றுக்கொள்ளவில்லை.

இன்னொரு விஷயமும் வெளிவந்தது. இருபது வருடத்துக்கு முன்பு டி.பி. வந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு முடித்திருக்கிறார். உலகில் டி.பி. சுமை மிக அதிகமான 30 நாடுகளில் பர்மாவும் ஒன்று. டி.பி. குணமான பிறகும் விட்டுப்போகும் தழும்பு மூச்சுக்குழல்களைக் கோணலாக்கிவிடும். அந்த வடுவின் மேல் 41 வருடப் புகை.

அப்புறம் முடி. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது தலைமுடி கழுத்தோடு ஒட்ட வெட்டியிருந்தது. போன வருடம் அவராகவே வெட்டிக்கொண்டாராம். நேர்த்திக்கடன் என்று வீட்டில் நினைத்தார்கள், அவரும் மறுக்கவில்லை. தனியாகக் கேட்டபோது சொன்னார்: "கைய தூக்கி கொண்டை போட்டா மூச்சு நின்னு போற மாதிரி இருக்கு தம்பி. அதான்." இந்த நோயில் அது அப்படியேதான் நடக்கும். உதரவிதானம் தட்டையாகி வேலை செய்யாதபோது கழுத்துத் தசையும் தோள் தசையும் மூச்சுக்கு முட்டுக்கொடுக்கின்றன. கையைத் தூக்கினால் அந்தத் தசைகள் கைக்குப் போய்விடும், மூச்சுக்கு ஆள் இல்லை. நோயின் தாக்கத்தை அளக்க எத்தனையோ கேள்வித்தாள்கள் வைத்திருக்கிறோம். ஒரு பெண் யாரிடமும் சொல்லாமல் தன் முடியை வெட்டிக்கொண்டதை அவை எதுவும் கேட்காது.

உடலும் பரிசோதனையும்

மார்பு பீப்பாய் மாதிரி புடைத்திருந்தது. தட்டினால் வெற்றுக் குடம்போல ஒலி. மூச்சை விடும் நேரம் இழுக்கும் நேரத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல், கடைசியில் விசில். முழங்கையைத் தொடையில் ஊன்றி முன்னால் குனிந்தே உட்கார்ந்தார். காலில் லேசான வீக்கம். விரல் நுனிகள் தடிக்கவில்லை. தடித்திருந்தால் புற்றுநோயை இன்னும் தீவிரமாகத் தேடியிருப்போம்.

எக்ஸ்ரேயில் நுரையீரல் அளவுக்கு மேல் ஊதியிருந்தது, உதரவிதானம் தட்டை, வலது மேல்பக்கம் பழைய டி.பி. தழும்பு. புதிதாக டி.பி. வந்திருக்கிறதா என்று கோழையை ஜீன்எக்ஸ்பர்ட்டில் பார்த்தார்கள், இல்லை. ஹீமோகுளோபின் 16.2. இவ்வளவு மெலிந்த பெண்ணுக்கு அது அதிகம். ஆக்சிஜன் குறைவை ஈடுகட்ட உடம்பு ரத்த அணுக்களைக் கூட்டியிருக்கிறது. இசிஜியில் இதயத்தின் வலது பக்கம் திணறும் அடையாளம் இருந்தது, எக்கோவில் இடது பக்கம் நன்றாகவே வேலை செய்தது. ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வெள்ளை அணு 120.

தீர்ப்புச் சொல்லும் பரிசோதனை, ஊதும் காற்றை அளக்கும் ஸ்பைரோமெட்ரி. அதை நோய் திடீரென்று தீவிரமாகியிருக்கும்போது செய்யக்கூடாது என்பதால் ஆறு வாரம் காத்திருந்தோம். ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1846-லேயே எழுதிவைத்த கருவி இது. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி அளவுக்கு இது பரவியிருந்தால் இந்த அம்மாவின் எட்டு வருடம் வேறு மாதிரி போயிருக்கும் என்று நம்புகிறேன். ஆழமாக இழுத்து, ஒரே மூச்சில், முடிந்த வேகத்தில், குறைந்தது ஆறு நொடி ஊத வேண்டும். முதல் மூன்று தடவை பாதியில் இருமிவிட்டார். நாலாவது தடவை சரியாக வந்தது.

மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகு, மொத்தம் ஊதியது 1.62 லிட்டர். முதல் நொடியில் வெளிவந்தது 0.71 லிட்டர். விகிதம் 0.44. மருந்துக்குப் பிறகும் இது 0.70-க்குக் கீழே இருந்தால் அடைப்பு நிலையானது என்று அர்த்தம். 0.71 லிட்டர் என்பது அவர் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் 43%, அதாவது மூன்றாம் நிலை, கடுமையானது. மருந்து கொடுப்பதற்கு முன் 0.66, பின் 0.71. வித்தியாசம் வெறும் 50 மில்லி.

அந்த 50 மில்லிதான் ஆஸ்துமாவைத் தள்ளிவைத்தது. ஆஸ்துமாவில் மூச்சுக்குழல் சுருங்கும், விரியும், மறுபடி சுருங்கும். ஒரு நாள் மோசம், மறுநாள் ஒன்றுமே இல்லை. பெரும்பாலும் சின்ன வயதிலேயே தொடங்கும், வீட்டில் வேறு யாருக்காவது இருக்கும். இவருக்கு ஐம்பதுக்குப் பிறகு வந்தது, வந்ததிலிருந்து ஒரே திசையில் போனது, நல்ல நாள் என்று ஒன்று இல்லை.

இவருக்குள் என்ன நடந்தது

விறகுப் புகையில் இருக்கும் நுண்துகள் மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் சின்ன மூச்சுக்குழல் வரை போகிறது. அதைத் துப்புரவு செய்யும் மயிரிழைகள் செயலிழக்கின்றன, கோழை சுரப்பிகள் வீங்குகின்றன. இருமல் அங்கே தொடங்குகிறது. அழற்சி ஆறாமல் வருடக்கணக்கில் நீடிக்கும்போது குழல் சுவர் தடித்துத் தழும்பாகிறது. அதோடு காற்றுப் பைகளின் சுவர்களும் கரைகின்றன. நல்ல நுரையீரலில் முப்பது கோடிக்கு மேல் காற்றுப் பைகள் உண்டு. அவற்றின் மீள்தன்மைதான் மூச்சை வெளியே தள்ளும் விசை. அது போனால் மூச்சை விடும்போது குழல்கள் மடங்கிக் காற்று உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. இந்த நோயாளி "மூச்சு உள்ள வரல" என்று சொல்வார், உண்மையில் பழைய மூச்சு வெளியே போகாததால்தான் புதிய மூச்சுக்கு இடமில்லை. சிகரெட்டால் வரும் நோயில் காற்றுப் பைகள் அழிவது அதிகம். அடுப்புப் புகையால் வருவதில் குழல்கள் தடிப்பதும் கோழையும் கூடுதல்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் இந்த நோயால் 35 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். உலகில் அதிகம் பேரைக் கொல்லும் காரணங்களில் இது நான்காவது. பணக்கார நாடுகளில் இந்த நோய் வந்தவர்களில் 70%-க்கு மேல் புகையிலையால். நம்மைப் போன்ற நாடுகளில் புகையிலையின் பங்கு 30 முதல் 40% வரைதான். மிச்சத்தை வீட்டுக்குள்ளும் வேலை இடத்திலும்தான் தேட வேண்டும்.

கொடுத்ததும் நிறுத்தியதும்

முதலில் நிறுத்தியதைச் சொல்ல வேண்டும். மூச்சு வாங்கும்போதெல்லாம் மருந்துக்கடையில் "இழுப்பு மாத்திரை" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். தியோஃபிலினும் ஸ்டீராய்டும் கலந்த பொட்டலம். ஸ்டீராய்டு உடனே சுகம் தரும், அதனால் கடைக்காரர் மேல் நம்பிக்கை. எலும்பும் தசையும் தேய்வது வெளியே தெரியாது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் பிரெட்னிசலோன், டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்து முடித்த பிறகு, பொட்டலம் இனி வேண்டாம் என்று மகனிடமும் கடைக்காரரிடமும் நானே நேரில் பேசினேன். சோர்வு, வாந்தி, தலைசுற்றல் வந்தால் உடனே வரச் சொன்னேன். பல காலம் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பு அதை நிறுத்தும்போது தடுமாறலாம். இவருக்கு அப்படி எதுவும் வரவில்லை.

தினசரி மருந்து நீண்ட நேரம் வேலை செய்யும் இரண்டு விரிப்பான்கள்: டியோட்ரோப்பியம், ஃபார்மோட்டரால். இயோசினோஃபில் 300-ஐத் தாண்டியிருந்தால் உறிஞ்சும் ஸ்டீராய்டையும் சேர்த்திருப்பேன். 120-ல் பலன் நிச்சயமில்லை. நிமோனியா அபாயம் மட்டும் கூடும், அதுவும் பழைய டி.பி. தழும்பு உள்ளவரிடம். சில மாதம் டியோட்ரோப்பியம் கடைகளில் இல்லை, அப்போது இப்ராட்ரோப்பியம் பம்ப்பை நாலு வேளை வைத்து ஓட்டினோம்.

பம்ப் அடிப்பதைக் கற்றுக்கொடுக்கவே மூன்று நாள் ஆனது. பெட்டிக்குள் இருக்கும் தாள் ஆங்கிலத்தில். இங்கே தமிழ் பேசுகிற பலருக்குத் தமிழ் எழுத்துப் படிக்கத் தெரியாது, பர்மிய எழுத்து தெரிந்தவர்களுக்கும் அந்த மருத்துவச் சொல் புரியாது. படம் வரைந்து கொடுத்தேன். மருந்தை அழுத்தும் கையும் இழுக்கும் மூச்சும் அவருக்கு ஒத்துவரவில்லை. 500 மில்லி தண்ணீர்ப் பாட்டிலின் அடியில் பம்ப் வாய் அளவுக்குத் துளை போட்டுச் செருகி, பாட்டில் வாயை உதட்டில் வைத்து மெதுவாக இழுக்கச் சொன்னேன். தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் ஆஸ்துமாக் குழந்தைகளிடம் இதைச் சோதித்து, கடையில் விற்கும் சாதனத்துக்கு ஈடாக வேலை செய்வதாக 1999-ல் எழுதியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்தப் பாட்டில் அவர் கூடையிலேயே இருக்கிறது.

உதட்டைக் குவித்து மூச்சு விடுவதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியே இருக்கவில்லை. ஊதாங்குழல் பிடித்த வாய். "அடுப்ப ஊதுற மாதிரி இல்லம்மா, சாம்பல் பறக்காம ஊதணும்" என்றதும் பிடித்துக்கொண்டார். இப்படி விடும்போது குழல்களுக்குள் கொஞ்சம் அழுத்தம் நின்று அவை மடங்காமல் இருக்கின்றன. தினமும் நடை, மடக்கு நாற்காலியோடு, மூச்சு வாங்கினால் உட்கார்ந்து. ஒரே தடவை வயிறு நிறையச் சாப்பிடாமல் நாலைந்து தடவை முட்டை, பருப்பு, மீன். ஃப்ளு தடுப்பூசி போட்டாயிற்று.

வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் வாங்க மகன் கடன் கேட்டுக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றேன். ஓய்வாக இருக்கும்போது அளவு 88 அல்லது அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு, தினம் 15 மணி நேரமாவது ஆக்சிஜன் கொடுத்தால் ஆயுள் கூடும் என்பது 1980-களின் தொடக்கத்திலேயே தெரிந்தது. இவருக்கு நோய் தணிந்த பிறகு 91. இந்த மாதிரி மிதமான குறைவுள்ள 738 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2016-ல் வெளிவந்த ஆய்வில் ஆக்சிஜனால் ஆயுளும் கூடவில்லை, ஆஸ்பத்திரிக்கு வருவதும் குறையவில்லை. அந்தப் பணத்தை அடுப்புக்குச் செலவு செய்யுங்கள் என்றேன்.

மகன் வெல்டிங் தெரிந்தவர். செங்கல் அடுப்பைப் பந்தலுக்கு வெளியே பின்பக்கம் கட்டி, தகரத்தில் புகைக்கூண்டு செய்து கூரைக்கு மேலே ஏற்றினார். கரி மட்டும் போதாதா என்று கேட்டார். கரியில் கண்ணுக்குத் தெரியும் புகை குறைவு, ஆனால் மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு ஆபத்து. பர்மாவை ஒட்டிய சீனத்து யுன்னான் மாகாணத்தில், ஷுவான்வெய் என்ற ஊரில், நிலக்கரி எரித்த வீடுகளில் அடுப்புக்குப் புகைக்கூண்டு வைத்த பிறகு இந்த நோய் புதிதாக வருவது குறைந்தது என்று 2005-ல் ஆய்வு வெளிவந்தது. அந்தப் பலன் தெளிவாகத் தெரிய ஏறத்தாழ பத்து வருடம் ஆனது. இதை மகனிடம் மறைக்காமல் சொன்னேன்: "அம்மாவுக்கு இருமல் குறையும், போன நுரையீரல் வராது. இது அதிகம் உங்க மனைவிக்காக."

பதினோரு மாதம் கழித்து

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஒரு தடவை, குளிர்காலத்தில் கோழை மஞ்சளானபோது, அன்றைக்கே வந்துவிட்டார். ஐந்து நாள் மருந்தில் சரியானது. ஆறு நிமிட நடையில் 210 மீட்டர் நடந்தவர் இப்போது 265. எடை 41 கிலோ. ஸ்பைரோமெட்ரியில் 0.70 லிட்டர், ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கடையில் உட்கார்ந்து காசு வாங்குகிறார், கல் முன்னால் நிற்பதில்லை.

கல் முன்னால் நிற்பது மருமகள். வயது 34, கல்யாணமான நாளிலிருந்து 11 வருடம் அந்தப் பந்தலில் வேலை. இரண்டு குளிர்காலமாகக் காலையில் இருமுகிறாள் என்று மாமியார்தான் சொன்னார், அவள் சொல்லவில்லை. ஊதிப் பார்த்தோம்: விகிதம் 0.76, முதல் நொடிக் காற்று இருக்க வேண்டியதில் 84%. அடைப்பு இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை ஊத வேண்டும் என்று அவள் சீட்டில் எழுதியிருக்கிறேன், அதற்குக் கீழே அடுப்புக் கணக்கையும்: 6 மணி, 11 வருடம், 66.

போன வாரம் இருவரும் சேர்ந்து வந்தார்கள். மாமியாரின் முடி தோள் வரை வளர்ந்திருக்கிறது. கையைத் தூக்கினால் இன்னும் மூச்சு வாங்குகிறது, கொண்டை போட முடியவில்லை. மருமகள்தான் பின்னிவிடுகிறாள்.